குஞ்சின் பெயர் கேட்டு வாங்குங்கள்!

சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் கடைகள் ஏராளம். கடல் மீன்களைப் பவளத்தோடு சேர்த்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர் அங்கே மீன் வாங்கப் போனால், விவரம் தெரிந்த கடைக்காரர் விலையைச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்பார்: "தொட்டியில் ஏற்கெனவே என்ன மீன் இருக்கிறது?" கிளாத்தி மீனையும் இறாலையும் ஒரே தொட்டியில் விட்டால் இறாலின் ஓடுதான் மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். எது எதோடு சேரும் என்று பார்த்த பிறகே அவர் வலையைத் தொட்டிக்குள் விடுவார்.

அழகுக்கு வளர்க்கும் நாலு மீனுக்கு இவ்வளவு யோசனை. ஆனால் ஓர் ஆண்டு வருமானத்தை நம்பிப் பண்ணைக் குட்டையில் மீன் விடும் சிறு விவசாயி இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "குஞ்சு ஆயிரம் என்ன விலை?" என்று மட்டுமே கேட்கிறார். விற்பவரும் "எல்லாம் கலந்து இருக்கிறது, நன்றாக வளரும்" என்று பையைக் கட்டிக் கொடுத்து விடுகிறார். நம் குட்டைகளில் மீன் தேறாமல் போவதற்குத் தீவனத்தையும் தண்ணீரையும் குறை சொல்கிறோம். பாதிக் குறை அந்தப் பையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

20 சென்ட் குட்டையின் கதை

எங்கள் பகுதி விவசாயி ஒருவர் 20 சென்ட் குட்டையில் 1,000 கலப்புக் குஞ்சு வாங்கி விட்டார். தவிடும் புண்ணாக்கும் தவறாமல் போட்டார். சாணமும் கரைத்து விட்டார். பத்து மாதம் கழித்து வலை வீசியபோது வந்ததில் பெரும்பகுதி சாதாக்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும். கிலோவைத் தொட்டிருக்க வேண்டிய கட்லா கால் கிலோவில் நின்றிருந்தது. கரையோரத்தைச் சாதாக்கெண்டை குடைந்ததில் ஒரு பக்கம் மண் சரிந்து நீர் கசிந்தது. கரைக்கு வந்த வியாபாரி இனம் பிரித்து எடை போட மறுத்து, இருப்பதிலேயே மலிவான மீனின் விலையை மொத்தத்துக்கும் வைத்தார். பத்து மாத உழைப்பு அந்த ஒரு பேச்சில் போயிற்று.

அவர் செய்த தவறு இரண்டு. அளவுக்கு மேல் குஞ்சு விட்டது ஒன்று. என்ன குஞ்சு என்று தெரியாமல் விட்டது மற்றொன்று. முதல் தவறை எல்லோரும் சுட்டிக் காட்டுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவாரில்லை.

ஊடுபயிர் போலத்தான்

நிலக்கடலையில் துவரையை ஊடுபயிராக விதைக்கிறோம். ஒன்று தரையோடு படரும், மற்றொன்று உயர்ந்து வளரும். ஒன்றின் வெயிலையும் இடத்தையும் மற்றொன்று அதிகம் பறிப்பதில்லை. கூட்டு மீன் வளர்ப்பின் தத்துவமும் இதுவே.

குளத்து நீரில் மேல், நடு, அடி என மூன்று மட்டங்கள் உண்டு. கட்லா என்னும் தோப்பா மீன் மேல்மட்டத்தில் இரை எடுக்கும். அதன் வாய் மேல்நோக்கி இருப்பதே அதற்குச் சான்று. நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்கினங்கள் அதன் முக்கிய உணவு. ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் என்னும் வெண்கெண்டை அடிமட்டத்தில் மட்கிய பொருள்களைத் தின்னும். மூன்றும் ஒரே குளத்தில் இருந்தாலும் ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பதில்லை. மூன்றும் நம் நாட்டு மீன்கள். சந்தையில் மூன்றுக்கும் பெயர் உண்டு.

இந்தக் கணக்கில் புதிய மீனைச் சேர்க்கும்போதெல்லாம் அது யாருடைய இலையில் உட்காரும் என்று பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கெண்டை கட்லாவைப் போலவே மேல்மட்ட மீன். நீரின் பசுமைக்குக் காரணமான நுண்பாசிகளை வடிகட்டித் தின்னும். கட்லா தின்னும் நுண்விலங்குகள் அந்தப் பாசியைத் தின்றே பெருகுகின்றன. ஆகவே வெள்ளிக்கெண்டை மிகுந்தால் கட்லாவின் உணவு வேரிலேயே குறைகிறது. இமாசலப் பிரதேசத்தில் பக்ரா அணையின் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில் 1971-ல் வெள்ளிக்கெண்டை தற்செயலாகப் புகுந்து பெருகியது. பின்னர் பிடிபடும் மீனில் அதுவே முதலிடத்துக்கு வந்தது, கட்லா அருகிப் போயிற்று. அத்தனை பெரிய நீர்த்தேக்கத்துக்கே அந்தக் கதி என்றால் 20 சென்ட் குட்டை எம்மாத்திரம்?

சாதாக்கெண்டை அடிமட்ட மீன். மிர்காலோடு இரைக்குப் போட்டியிடும். மண்ணைக் கிளறி நீரைக் கலக்கும், கரையைக் குடையும், போதாக்குறைக்குக் குட்டையிலேயே முட்டையிட்டுப் பெருகும்.

புல்கெண்டை தின்பது புல்லும் நீர்க்களையும். களை மண்டிய குளத்துக்கு அது நல்ல வேலையாள், அதன் கழிவும் குளத்துக்கு உரமாகும். ஆனால் களையே இல்லாத குட்டையில் விட்டால் தினமும் புல் அறுத்துப் போட வேண்டும். மாட்டுக்கே தீவனம் போதாத வீட்டில் அது வீண் சுமை.

ஜிலேபி கெண்டை 1952-ல் நம் நாட்டுக்கு வந்தது. சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கிக் குட்டை முழுதும் பொடிக் குஞ்சாக நிரப்பிவிடும். நாம் போடும் தீவனம் அந்தப் பொடிகளுக்கே போய்ச் சேரும். மேம்படுத்தப்பட்ட கிப்ட் திலேப்பியா வளர்க்க விரும்புவோர் மீன்வளத் துறையின் அனுமதி பெற்றுத் தனிக் குட்டையில் வளர்ப்பதே முறை.

விராலுக்கு விலை அதிகம் என்று பத்துக் குஞ்சு சேர்த்து விடுவோர் உண்டு. அது மற்றக் குஞ்சுகளைத் தின்றே அந்த விலைக்கு வளர்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அரசு தடை செய்த மீன். யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நன்னீர் இறால் வளர்க்க ஆசைப்படுவோர் கட்லா, ரோகுவோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். அடியில் மேயும் மிர்காலும் சாதாக்கெண்டையும் இறாலின் இடத்துக்கே வந்து போட்டியிடும்.

ஆறு வகை வேண்டாமா?

"ஆறு வகைக் கெண்டைகளைச் சேர்த்து வளர்க்கலாம் என்று அதிகாரிகளே சொல்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூட்டு மீன் வளர்ப்புக்கான அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் 1971-ல் தொடங்கியது. நம் மூன்று கெண்டைகளோடு வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை மூன்றையும் சேர்த்து நல்ல மகசூல் காட்டினார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அங்கே ஆண்டு முழுதும் நீர் இருந்தது. ஒவ்வோர் இனமும் இத்தனை என்று எண்ணி விட்டார்கள். உரமும் தீவனமும் கணக்காகப் போட்டார்கள்.

நம் குட்டை வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுவது. எண்ணிப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வெள்ளிக்கெண்டை வேகமாக வளர்வது உண்மைதான். ஆனால் பிடித்த பின் விரைவில் கெட்டுப் போகும், விலையும் குறைவு. நகரச் சந்தை தொலைவில் உள்ளவருக்கு அது ஆபத்து. ஆகவே பெரிய குளமும் நிலையான நீரும் உள்ளவர் ஆறு வகை வளர்க்கட்டும். சிறு விவசாயிக்கு மூன்றே போதும் என்பதே என் முடிவு.

கணக்கு எளிது. ஹெக்டேருக்கு 5,000 விரலளவுக் குஞ்சு என்பது பொதுவான அளவு. சென்டுக்கு 20 வரும். 10 சென்ட் குட்டைக்கு 200 போதும். நாலுக்கு மூன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60 விட வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக, விரல் நீளம் இருக்கட்டும். பொடிக் குஞ்சு மலிவுதான், ஆனால் தவளைக்கும் பாம்புக்கும் பறவைக்கும் போனது போக மிஞ்சுவது கொஞ்சம்.

குஞ்சு விடுமுன் பழைய மீனை ஒழிக்க வேண்டும். கோடையில் வற்றிய குட்டையை வெயிலில் வெடிப்பு விடக் காயவிட்டால் செலவே இல்லை. வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு நல்லது. ஒரு மீட்டர் ஆழமுள்ள 10 சென்ட் குட்டைக்கு சுமார் 100 கிலோ வேண்டும். அதன் நஞ்சு தீர மூன்று வாரம் பொறுத்துப் பின் குஞ்சு விட வேண்டும். வாய்க்கால் நீர் வரும் மடையில் சிறு கண் வலை கட்டாவிட்டால் விராலும் கெளுத்தியும் அழையா விருந்தாளியாக வந்து சேரும்.

பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்

விரல் நீளம் வளர்ந்த குஞ்சை இனம் பிரிப்பது கடினமல்ல. தலை பெரிதாகவும் கீழ்த்தாடை முன்தள்ளியும் இருந்தால் கட்லா. உதட்டில் குஞ்சம் போன்ற மடிப்பு இருந்தால் ரோகு. உடல் ஒல்லியாக வெள்ளிபோல் மின்னி, வாய் சற்றுக் கீழே இருந்தால் மிர்கால். வாயருகே இரண்டு ஜோடி மீசையும் முதுகில் நீண்ட துடுப்பும் இருந்தால் சாதாக்கெண்டை. செதில் மிகப் பொடியாகவும் கண் தாழ்ந்தும் இருந்தால் வெள்ளிக்கெண்டை. பையில் அடைக்குமுன் ஒரு வாளியில் நாலு கை அள்ளிப் போட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்து விடும்.

அட்டை எங்கே?

ஒரு காலத்தில் கெண்டைக் குஞ்சு ஆற்றில்தான் கிடைத்தது. வெள்ள நாளில் வலை கட்டிப் பிடிப்பார்கள். அதில் நல்ல இனமும் இருக்கும், அதைத் தின்னும் இனமும் இருக்கும். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார்கள். வேண்டிய இனத்தைத் தனியாக, கலப்பின்றிப் பெறும் வழி அன்று திறந்தது. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்த வழி திறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் கலப்புக் குஞ்சு வாங்குகிறோம் என்றால், ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிய காலத்துக்கே திரும்பிப் போகிறோம் என்று பொருள்.

சான்று பெற்ற விதை நெல் மூட்டையில் அட்டை தைத்திருக்கும். ரகம் என்ன, முளைப்புத் திறன் என்ன என்று அதில் காணலாம். நாம் வாங்கும் மீன் குஞ்சுப் பையில் ஒன்றும் இல்லை. கப்பில் அளந்து ஊற்றுகிறார்கள், எண்ணிக்கையும் அவர் வாய்ச்சொல், இனமும் அவர் வாய்ச்சொல். குட்டை வெட்ட மானியம் தரும் அரசு, அதில் விடும் குஞ்சின் இனத்துக்கும் ஒரு பொறுப்பு ஏற்க வேண்டும். அரசுப் பண்ணையானாலும் தனியார் பண்ணையானாலும் கட்லா இத்தனை, ரோகு இத்தனை, மிர்கால் இத்தனை என்று எழுதிய ரசீது கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிப் பையில் கட்டித் தரவேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, மனம்தான் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த மழைக்குக் குஞ்சு வாங்கப் போகும்போது ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். 200 குஞ்சு கேட்பவர் சொல் எடுபடாது, 2,000 குஞ்சு கேட்பவர் சொல் எடுபடும். "கலப்பு வேண்டாம், மூன்றும் தனித்தனியாக வேண்டும்" என்று சொல்லுங்கள். ரசீதில் இனத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நல்ல விதையில்லாமல் நெல் விளையாது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீன் குஞ்சும் விதைதான்.