அளவுகோலோடு சண்டை போடலாமா?



சர்வே பிராக்டிகலில் நம்மில் பலருக்கும் இது நடந்திருக்கும். லெவல் எடுத்துக்கொண்டே சுற்றி வந்து, புறப்பட்ட பெஞ்ச் மார்க்கிலேயே கொண்டுவந்து முடிக்கும்போது கணக்கு உதைக்கும். அப்போது நமக்கு இரண்டு வழி. ஒன்று, மறுபடியும் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவது. இன்னொன்று, ஃபீல்டு புக்கில் ஒரு ரீடிங்கைத் திருத்திவிட்டு கேன்டீனுக்குப் போவது. நான் ஒருமுறை இரண்டாவது வழியில் போய் மாட்டிக்கொண்டேன். சார் திட்டவில்லை. "புக்கைத் திருத்திட்ட, சரி. தரையை எப்படிலே திருத்துவ?" என்று மட்டும் கேட்டார்.

நாட்டை ஆளுகிற பெரியவர்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

என் ஊர் கீழப்பாவூர். அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சிற்றாற்றில் தண்ணீர் வரும். சிற்றாற்றில் தண்ணீர் வந்தால் குளம் பெருகும். குளம் பெருகினால் நடவு. நடவு இருந்தால் அப்பாவுக்குக் கூலி. என்னுடைய பரீட்சை பீஸும் அந்தக் கூலியில்தான் இருக்கிறது. ஆகவே மழை எங்களுக்கு வேடிக்கைப் பொருள் அல்ல.

"முன்னெல்லாம் மழை சொல்லிட்டு வரும். இப்போ வந்தா ஒரேயடியா வருது, இல்லன்னா எட்டிப் பாக்க மாட்டேங்கு" என்பாள் என் ஆச்சி. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவள் சொல்வதைத்தான் விஞ்ஞானிகள் வேறு பாஷையில் சொல்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால், அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். சுமந்ததைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மால் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட இது அதிகம்! 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. பதினேழு வயது மாணவன் ஒருவனை அது கொண்டுபோய்விட்டது. நம் வயதுப் பையன்.

ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டி, "இது பருவநிலை மாற்றம்தான்" என்று அடித்துச் சொல்வது சரியல்ல. விஞ்ஞானிகளும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது, வெப்பம் ஏற ஏற இப்படிப்பட்ட மழைகள் அதிகமாகும் என்பதுதான். இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். தொழிற்சாலைகள் பெருகும் முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு, மனிதனால்தான் பூமி சூடாகியிருக்கிறது, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று 2021-இல் எழுதிக்கொடுத்துவிட்டது.

இதற்குத் தலைவர்கள் சொன்ன பதில் என்ன?

2014 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அசாமிலிருந்து ஒரு மாணவி பருவநிலை மாற்றம் பற்றிப் பிரதமர் மோடியிடம் கேட்டார். பருவநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம் என்ற பொருளில் பிரதமர் பதில் சொன்னார். வயதானவர்களுக்குக் குளிர் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் அவர்களுடைய தாங்கும் சக்தி குறைந்ததுதான் என்று உதாரணமும் காட்டினார். மறு வருடமே பாரிஸ் மாநாட்டில், இது உலகத்துக்குப் பெரிய சவால் என்று அவரே பேசினார், சூரியசக்திக் கூட்டணியையும் தொடங்கிவைத்தார். பேச்சு மாறியது நல்லதுதான். ஆனால் கேள்வி கேட்ட அந்த மாணவிக்குக் கிடைத்தது முதல் பதில்தானே!

அமெரிக்காவில் இன்னும் மோசம். இன்ஹோஃப் என்ற செனட்டர் 2015 பிப்ரவரியில் சபைக்குள் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து எறிந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்றார். மார்கழிக் குளிரைக் காட்டி அக்கினி நட்சத்திரமே இல்லை என்று சொல்வதைப் போன்றது இது. அதிபர் டிரம்ப் 2017-இல் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்தவர் 2021-இல் மறுபடி சேர்த்தார். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் மறுபடியும் விலகல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் செப்டம்பரில் ஐ.நா. சபையிலேயே நின்று, இதெல்லாம் உலகத்திலேயே பெரிய மோசடி என்றார்.

"விஞ்ஞானிகள் மட்டும் தப்பே பண்ணமாட்டாங்களா?" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். பண்ணுவார்கள். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போகலாம் என்று அதே ஐ.நா. குழு 2007 அறிக்கையில் தவறாக எழுதியது. 2010 ஜனவரியில் தவறு என்று ஒப்புக்கொண்டது. திரும்பவும் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு போய் அளக்கிறவன் விஞ்ஞானி. புக்கைத் திருத்துகிறவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் வாயால் மறுக்கிறவர்கள். வாயால் ஒப்புக்கொண்டு கையால் மறுக்கிறவர்களும் உண்டு. அதற்கு உதாரணம் நம் ஊர் மாடியில் ஏறினாலே தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலை.

மலையை எப்படிக் காப்பது என்று ஆராய மாதவ் காட்கில் தலைமையில் 2010-இல் மத்திய அரசே நிபுணர் குழு அமைத்தது. 2011 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை வெளியிடாமல் பூட்டி வைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, கோர்ட் வரைக்கும் போன பிறகு 2012-இல்தான் வெளிவந்தது. கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு போட்டு, காக்க வேண்டிய பரப்பைக் குறைத்தார்கள். அதையும் மாநிலங்கள் ஏற்கவில்லை. 2014 முதல் வரைவு அறிவிப்பு மேல் வரைவு அறிவிப்பாக வந்தது.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போயின. நூற்றுக்கணக்கான உயிர்கள்! மறுநாள் ஆறாவது வரைவு வந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கர்நாடக அமைச்சரவை கஸ்தூரிரங்கன் அறிக்கையை நிராகரித்தது. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள் நண்பர்களே. இதில் எல்லா நிறக் கொடிக்கும் பங்கு உண்டு.

ஒரு விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். மலையில் இருக்கிற சிறு விவசாயிகளும் அந்த அறிக்கையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். நிலம் பறிபோய்விடும் என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அறிக்கையை மக்கள் பாஷையில் மொழிபெயர்த்து, கிராமசபைகளில் வைத்து முடிவெடுங்கள் என்றுதான் காட்கில் சொன்னார். அதைச் செய்யாமல் பயத்தை மட்டும் வளர்த்து ஓட்டாக்கினார்கள்.

தலைவர்கள் விஞ்ஞானம் கேட்டதே இல்லையா? கேட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனியுங்கள்! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. படித்த வீரபத்ரன் ராமநாதன் முதலில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலை பார்த்தார். வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பிறகு அமெரிக்கா போய், அந்த ஃபிரிட்ஜ் வாயு கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-இல் கண்டுபிடித்தார். அதே வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்று தெரிந்ததும், 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு அதைக் குறைத்தன. மனசு இருந்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? நாளைக்கு ஓவர்சியராகப் போய் ஒரு ஓடைக்குப் பாலம் போடப்போவது நாம்தான். பாலத்துக்கு எத்தனை கண், எவ்வளவு அகலம் என்பதை மழைக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். மழை மாறவே இல்லை என்று மேலே இருக்கிறவர் சொன்னால், கீழே பழைய கணக்கில் சின்னப் பாலம் கட்டுவோம். அடுத்த வெள்ளத்தில் அது போகும். அதோடு யார் வீட்டுப் பிள்ளை போகுமோ!

ஆகவே நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி மைதானத்தில் ஒரு மழைமானி வைப்போம். தினமும் காலை எட்டரைக்கு ஒரு மாணவர் அளந்து நோட்டில் எழுதட்டும். நாம் போன பிறகு ஜூனியர்கள் எழுதட்டும். கிராமசபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. சுற்றுக் கிராமத்து நண்பர்கள் அந்த நோட்டோடு போய், "எங்க ஊர் ஓடைக்கு எந்த வருசத்து மழைக் கணக்குல பாலம் போட்டீங்க?" என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் அதையே கேளுங்கள்.

நோட்டில் இருக்கிற எண்ணை யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.