அரை மாத்திரை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து!

மூலக்குளம் மருந்துக் கடைக்காரர்களுக்கு ‘அசிட்ரோம்’, ‘வார்பரின்’ என்ற பெயர்கள் புதிதல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் இவை. இருதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள், சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்கள் சாப்பிடுவது. பலருக்கு ஆயுள் முழுக்க!

லேசுப்பட்ட மருந்தல்ல இது. 1948ல் அமெரிக்காவில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்பரின், 1954ல்தான் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அளவு குறைந்தால் ரத்தம் கட்டி பக்கவாதம். கூடினால் பல் ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், முடிவில் மூளையிலேயே ரத்தக்கசிவு.

அளவு சரியா என்று சொல்வது ‘ஐ.என்.ஆர்.’ என்ற ரத்தப் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாதவருக்கு 1ஐ ஒட்டி இருக்கும். காலில் ரத்தம் கட்டியவருக்கு 2 முதல் 3 வரை வேண்டும். மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தவருக்கு 2.5 முதல் 3.5 வரை.

சிக்கல் இங்கேதான். மூலக்குளத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் தூரமில்லை. ஆனால் விழுப்புரம், கடலூர் ஜனங்களும் அங்கேதான் வருகிறார்கள். ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, டாக்டரைப் பார்ப்பதற்குள் கொத்தனாருக்கு ஒருநாள் கூலி போச்சு! அடுத்த மாதம், “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடுகிறார்.

பக்கத்துத் தெரு டாக்டர் பாடும் திண்டாட்டம்தான். பழைய சீட்டு இல்லாமல் வந்து முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள். எழுதினால் வயிற்றில் ரத்தம் கசியலாம். எழுதாவிட்டால், “இந்த டாக்டர் சரியில்லே!”

பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்பார்கள். உலோக வால்வுக்கு அவை ஆகாது. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இருதயத் துடிப்பும் தாறுமாறானவர்களுக்குப் பழைய மாத்திரையே மேல் என்று 2022ல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வு காட்டியது. ஏழைகளைத் தாக்கும் நோய் இது. ஆகவே பரிசோதனையைத்தான் அவர்கள் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

முடியாத காரியமா? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒன்று வைத்து, வாரம் ஒருநாள் வேலைக்குப் போகுமுன் காலையில் பார்க்கட்டும். தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு எழுத ஆளுக்கொரு நோட்டு கொடுக்கட்டும். முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்பதை நர்சம்மாவே சொல்லி அனுப்பலாம்.

லட்சங்கள் செலவழித்து வால்வு வைத்தாகிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் பார்க்க வழியில்லாமல் அந்த உயிர் போகலாமா? சுகாதாரத் துறை பதில் சொல்லட்டும்!