மலையில் தீர்ந்தது, கடலில் தீரவில்லை

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. கடைத்தெருவில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும்.

இந்த ஊர் யாருக்கு என்பதே ஒரு காலத்தில் பெரிய வழக்கு. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தினார்கள்.

பிறகு படாஸ்கர் என்பவர் நடுவராக வந்தார். கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்க்கப்பட்டது. எந்த மொழி பேசுவோர் அதிகம், எந்த நிலம் எதை ஒட்டியது என்று பார்த்தார்கள். பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதியும் அங்கேயே நின்றது. இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. சண்டை ஓய்ந்தது.

ஆள் இல்லாத தீவு

கச்சத்தீவின் கதை வேறு. ராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் நடுவே கடலில் கிடக்கும் 285 ஏக்கர் நிலம் அது. குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. இருப்பது ஓர் அந்தோணியார் கோவில். ஆண்டுக்கு ஒரு முறை திருவிழா. இரு கரைத் தமிழரும் அங்கே கூடுவார்கள்.

1974-ல் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். தீவு இலங்கைக்குப் போயிற்று. தமிழக சட்டசபை ஆட்சேபித்துத் தீர்மானம் போட்டது. பயன் இல்லை. மீனவரும் பக்தரும் விசா இன்றிப் போகலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் போய் என்ன செய்யலாம்? ஓய்வு எடுக்கலாம், வலை உலர்த்தலாம், விழாக் காணலாம். மீன் பிடிக்கும் உரிமை இல்லை என்றார்கள். 1976-ல் ஏற்பட்ட உடன்பாடு, ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றே எழுதிவிட்டது.

அங்கே கிராமங்களைக் கணக்குப் பார்த்தார்கள். இங்கே வலைகளை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பசி எந்தப் பக்கம்?

அதன் பலனை இன்றும் காண்கிறோம். படகு பிடிபடுகிறது, மீனவர் சிறையில் இருக்கிறார், வீட்டில் அடுப்பு எரிவதில்லை. 2025 ஏப்ரலிலும் தீவை மீட்கக் கோரிச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது.

இன்னொரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணம், மன்னார் மீனவரும் தமிழரே. போரில் பல ஆண்டுகள் கடலை இழந்தவர்கள். நம் விசைப்படகுகளின் இழுவலை அடிக்கடலையே வாரிச் செல்கிறது. தங்கள் சிறு வலைகளை அறுக்கிறது என்று அவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். இலங்கை 2017-ல் இழுவலையைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

தீவு திரும்பினாலும் இந்தக் கண்ணீர் தானாக நின்றுவிடாது. இரு கரை மீனவரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். எந்த நாளில் யார், எந்த வலையோடு போவது என்று பேசி முடிக்க வேண்டும். இழுவலையை விடுவோருக்கு அரசாங்கம் மாற்றுத் தொழில் தர வேண்டும்.

எல்லைக் கோட்டை அரசாங்கங்கள் போடலாம். அதன் ஓரத்தில் பிழைப்பவரைக் கேட்டுப் போட்டால்தான் அது நிற்கும். அதற்குச் சாட்சி திருத்தணி.