கைவிலங்கு: எந்த வகை, எவ்வளவு இறுக்கம், யார் பதிவு செய்தார்கள்?

2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர், சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டிருந்த கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். கைதிகளை எப்படிக் கொண்டுவருவது, எப்படிக் காவல் வைப்பது என்ற பேச்சு அதன்பின் சூடுபிடித்தது. இப்படியான ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் கட்டுப்பாடுகளை இறுக்க வேண்டும் என்ற குரலே முதலில் எழும். எதை இறுக்குவது, யாருக்கு இறுக்குவது, எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விகள் பின்னால் தங்கிவிடும்.

தமிழர்களுக்குக் கைவிலங்கு வெறும் பொலிஸ் உபகரணம் அல்ல. கைகள் பின்னால் கட்டப்பட்டு, கண்கள் மூடப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியை 2009 ஆகஸ்டில் சனல் 4 வெளியிட்டபோது, அந்தக் கட்டப்பட்ட கைகளில் தங்கள் பிள்ளையின் கையைத் தேடிய தாய்மார் நம் மத்தியில் இருக்கிறார்கள். அதனால் நமது உரையாடல் பெரும்பாலும் 'விலங்கு போட்டார்களா, இல்லையா' என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் சட்டமும் மருத்துவமும் அதைவிட நுணுக்கமான கேள்விகளைக் கேட்கின்றன. அந்தக் கேள்விகளைத் தெரிந்து வைத்திருப்பது, தடுப்பில் உறவுகளை வைத்திருப்பவர்களுக்கு அவசியம்.

ஒரே விலங்கு அல்ல

இன்று உலகின் பெரும்பாலான பொலிஸ் படைகள் பயன்படுத்தும் உலோக விலங்கின் அடிப்படை வடிவம் அமெரிக்காவில் 1912 இல் காப்புரிமை பெற்றது. பற்கள் உள்ள வளைகரம் மணிக்கட்டைச் சுற்றி வந்து பூட்டிக்கொள்ளும். திறப்பு இல்லாமலே பூட்டலாம், திறப்பு இல்லாமல் திறக்க முடியாது. இரண்டு வளையங்களையும் எது இணைக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

சங்கிலி விலங்கில் இரண்டு வளையங்களையும் சில கண்ணிகள் இணைக்கின்றன. கைகளை ஓரளவு திருப்பலாம். நீண்ட பயணத்துக்கு இருப்பவற்றில் இதுவே குறைந்த துன்பம் தருவது. பிணைச்சல் விலங்கில் கதவுப் பிணைச்சல் போன்ற இணைப்பு இருக்கும். மணிக்கட்டைத் திருப்ப இடம் குறைவு. மூன்றாவது, நடுவில் கெட்டியான பிடி உள்ள விறைப்பான விலங்கு. இது 1990களில் பிரித்தானியப் பொலிஸாரிடம் பரவியது. அந்தப் பிடியைப் பிடித்து லேசாகத் திருப்பினாலே போட்டிருப்பவருக்குக் கடும் வலி ஏற்படும். திமிறுபவரை அடக்க உதவும் அதே அம்சம், அடங்கியிருப்பவரைத் துன்புறுத்தவும் உதவும்.

நான்காவது, பெருந்தொகையானோரைக் கைது செய்யும்போது பயன்படும் பிளாஸ்டிக் பட்டி. மலிவானது, எடை இல்லாதது. ஆனால் வழக்கமான பட்டியை ஒருமுறை இறுக்கினால் தளர்த்த முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். இவற்றுக்கு அப்பால் கால் விலங்கு, இடுப்புச் சங்கிலி, பெருவிரல் விலங்கு என்பனவும் உண்டு. எடையேற்றப்பட்ட கால் விலங்குகளும் பெருவிரல் விலங்குகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் கீழ் ஏற்றுமதி, இறக்குமதி தடைசெய்யப்பட்ட பொருட்கள்.

சின்ன ஊசி, பெரிய வித்தியாசம்

தரமான உலோக விலங்கில் இரட்டைப் பூட்டு ஒன்று இருக்கிறது. திறப்பின் முனையில் உள்ள சிறிய ஊசியால் வளையத்தின் துளையை அழுத்தினால், அதன்பின் வளையம் இறுகவும் மாட்டாது, தளரவும் மாட்டாது. இதைச் செய்யச் சில விநாடிகள் போதும். செய்யாவிட்டால், வாகனம் குலுங்கும்போதும், கைதி சாயும்போதும் வளையம் ஒவ்வொரு பல்லாக இறுகிக்கொண்டே போகும். வளையத்துக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் நுனி நுழைய வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்படும் எளிய விதி.

பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் தோலுக்கு மிக அருகே ஒரு நரம்பு ஓடுகிறது. இறுகிய விலங்கு முதலில் பாதிப்பது அதைத்தான். பெருவிரலின் பின்புறம் மரத்துப்போகும், எரியும். இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். வெளிக்காயம் ஆறிய பிறகும் மரப்பு இருக்கும். காயம் கண்ணுக்குத் தெரியாததால் பலர் இதைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் சொல்வதே இல்லை. சொல்லாதது அறிக்கையில் வராது. அறிக்கையில் இல்லாததை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.

பின்னால் விலங்கிட்டுக் குப்புறக் கிடத்துவது இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் 2020 மே மாதம் ஜோர்ஜ் ஃபுளொய்ட் உயிரிழந்தபோது அவரது கைகள் ஏற்கெனவே பின்னால் விலங்கிடப்பட்டிருந்தன. விலங்கிடப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர். அவரது உயிருக்கான பொறுப்பு முழுமையாக விலங்கிட்டவரிடம் வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கைது செய்யப்பட்டவரைத் தப்பிச் செல்லாமல் தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக்கூடாது என்பது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே உள்ள விதி. அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையை மட்டுமல்ல, இழிவான நடத்துகையையும் தடைசெய்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் இன்னும் தெளிவானவை. குறைந்த கட்டுப்பாடு போதாதபோது மட்டுமே விலங்கு, தேவை முடிந்ததும் கழற்ற வேண்டும், நீதிபதி முன் நிறுத்தும்போது கழற்ற வேண்டும், பிரசவ வேளையில் பெண்ணுக்கு ஒருபோதும் போடக்கூடாது. ஆனால் நமது சிறைச்சாலைகளின் அடிப்படைச் சட்டம் இன்னும் 1877 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான்.

இந்தியாவின் அனுபவத்தில் நமக்கொரு பாடம் இருக்கிறது. 1980 இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், விலங்கிடுவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும், காரணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. நீதியரசர் கிருஷ்ணய்யரின் அந்தத் தீர்ப்பு தப்பிச்செல்லும் அபாயம் அந்த ஆளிடம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்டது. 2024 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள புதிய சட்டமோ, பயங்கரவாதம், போதைப்பொருள், கொலை எனக் குற்றங்களைப் பட்டியலிட்டு, குற்றத்தின் தன்மையைக் கருதி விலங்கிடலாம் என்கிறது. கேள்வி ஆளிலிருந்து முத்திரைக்கு நகர்ந்துவிட்டது.

முத்திரை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் வந்தாலும், தடுப்பில் உள்ளவரின் உடல்மீது அதிகாரிக்கு உள்ள அதிகாரம் குற்றச்சாட்டின் பெயரை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவு இல்லாத விலங்கு

பொலிஸாரின் பக்கமும் உண்மை இருக்கிறது. கைதிகள் தப்புவதும் அதிகாரிகள் தாக்கப்படுவதும் நடக்கின்றன. சில அதிகாரிகள் பலரைக் கொண்டுசெல்ல வேண்டிய நிலையில் விலங்கே எளிய வழி. ஆனால் எளிய வழி என்பதற்காகக் கணக்கு இல்லாமல் விட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017 முதல், ஒத்துழைக்கும் ஒருவருக்கு விலங்கிட்டாலும் அது பலப்பிரயோகமாகப் பதிவு செய்யப்படுகிறது. யாருக்கு, ஏன் என்பது எழுத்தில் இருந்தால்தான், ஓர் இனத்தவருக்கோ ஏழைகளுக்கோ அதிகம் போடப்படுகிறதா என்று கேட்க முடியும்.

இங்கு அரச வைத்தியசாலைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட நோயாளிக் கைதி நமக்குப் புதிய காட்சி அல்ல. எழுந்து நடக்க முடியாத ஒருவர் எங்கே தப்பப்போகிறார் என்று கேட்க, காரணம் எழுதப்பட்ட ஒரு தாள் வேண்டும்.

ஊடகங்களுக்கும் இதில் பங்குண்டு. கைதிகளை இடம் மாற்றும்போது பொதுமக்கள் பார்வையில் இயன்றளவு படாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன மண்டேலா விதிகள். நாமோ லேஞ்சியால் விலங்கை மூடிக்கொண்டு தலை குனிந்து நடப்பவரின் படத்தைத்தான் தேடிப் போடுகிறோம். குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்று 13(5) ஆம் உறுப்புரை சொன்னாலும், அந்தப் படம் தீர்ப்பை எழுதிவிடுகிறது. வழக்கிலிருந்து விடுதலையானவரின் படம் அதே இடத்தில் வருவதில்லை.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

தடுப்பில் உள்ளவரைப் பார்க்கும் உறவினரும் சட்டத்தரணியும் சில விடயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கை முன்னாலா பின்னாலா கட்டப்பட்டது, எத்தனை மணி நேரம், இறுகுகிறது என்று சொன்னபோது தளர்த்தினார்களா, இப்போது எந்த விரல் மரத்திருக்கிறது? மரப்பையும் எரிவையும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் நீதவானிடமும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களை நீதவான் மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று 2022 ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. அந்தச் சந்திப்பும் சொல்வதற்கான ஒரு வாய்ப்பே.

அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் கவனமாக வைத்திருங்கள். ஆணைக்குழுவின் துரித தொலைபேசி இலக்கம் 1996.

விலங்கே இல்லாத பொலிஸ் நிலையத்தை யாரும் கோரவில்லை. போட்டவரின் பெயர், போட்ட நேரம், கழற்றிய நேரம், காரணம் என்ற நான்கையும் ஒவ்வொரு நிலையமும் ஒரு புத்தகத்தில் எழுதுவதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, பெரிய செலவும் தேவையில்லை. பொலிஸ் மாஅதிபரின் ஒரு சுற்றறிக்கை போதும்.