தீர்ப்பு கிடைத்தது, திட்டம் எங்கே?

தோழர்களே!

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது எளிது. அந்தத் தீர்ப்பு நமக்குக் கசப்பாக அமையும்போது தலை வணங்குவது கடினம். வணங்கியபின் அதனைச் செயலாக்கும் வழி காண்பதோ அதனினும் கடினம். பாராளுமன்றங்களின் தாய் என்று போற்றப்படும் பிரிட்டிஷ் மன்றம் 2016 முதல் 2020 வரை பட்ட பாட்டினை எண்ணிப் பாருங்கள், உண்மை விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா? 2016 ஜூன் 23 அன்று மக்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி இது. விலகுக என்றோர் 1 கோடியே 74 லட்சம் பேர். நீடித்திடுக என்றோர் 1 கோடியே 61 லட்சம் பேர். இங்கிலாந்தும் வேல்சும் விலகச் சொல்லின. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் நீடிக்கச் சொல்லின.

தோற்றவர்களிலே சிலர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினர். “இந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது, இது வெறும் ஆலோசனை” என்றனர். சட்டப்படி அது சரியே. ஆனால், நீங்கள் எடுக்கும் முடிவை நிறைவேற்றுவோம் என்று வீடுதோறும் துண்டு நூல் அனுப்பி வாக்களித்தது அரசு அன்றோ? வென்றால் தீர்ப்பு, தோற்றால் ஆலோசனை என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, தீர்ப்பை மதித்தே தீரவேண்டும். ஐயமில்லை. ஆனால் எதனை மதிப்பது? விலகுக என்றது வாக்குச் சீட்டு. எவ்வாறு என்று அது கூறவில்லை. பொதுச் சந்தையை விட்டும் வெளியேறுவதா? சுங்கக் கூட்டையும் துறப்பதா? 1998 அமைதி உடன்பாட்டிற்குப் பின் காவற் சாவடிகள் நீங்கிய அயர்லாந்து எல்லையிலே மீண்டும் சாவடி எழுவதா? விடையில்லை! தம் கட்சியின் உட்பூசலைத் தணிக்க 2013இல் இந்த வாக்கெடுப்பை அறிவித்தவர் பிரதமர் டேவிட் கேமரூன். முடிவு வெளியான அன்றே பதவி விலகலை அறிவித்தார். கேள்வி கேட்டவர் போனார். விடையைச் சுமக்கும் பொறுப்பு மற்றவர் தலையிலே விழுந்தது.

சுமந்தார் தெரசா மே. அவர் கொணர்ந்த உடன்பாட்டை 2019 ஜனவரி 15 அன்று 432 பேர் எதிர்த்தனர். ஆதரித்தோர் 202 பேரே. விலகலை விரும்பியோரும் வெறுத்தோரும் ஒருசேர எதிர்த்த விந்தை அது! மார்ச் 27 அன்று எட்டு வழிகள் மன்றத்தின் முன் வைக்கப்பட்டன. எட்டில் ஒன்றுகூடப் பெரும்பான்மை பெறவில்லை.

அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் என்ன செய்தார்? மக்கள் ஆணையை நிறைவேற்றப் போகிறேன் என்றவர், அந்த மக்களின் மன்றத்தையே ஐந்து வாரம் முடக்கி வைக்க முற்பட்டார். 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது சட்டவிரோதம் என்றனர். மக்களின் பெயரால் மக்கள் மன்றத்தின் கதவைச் சாத்துவது தீர்ப்பை மதிப்பதாகுமா?

மக்கள் மனம் மாறக்கூடாதா என்று கேட்பீர்கள். மாறலாம், மாறியுமிருக்கிறது. 1975இல் இதே பிரிட்டன், நூற்றுக்கு 67 பேர் என்ற கணக்கில், நீடிப்போம் என்றது. 41 ஆண்டுகள் கழித்து மாற்றிக்கொண்டது. ஆனால் மாற்றும் உரிமை மக்களுடையது. தோற்ற தலைவர்களுடையது அல்ல. அந்த மக்களிடமே மீண்டும் செல்ல நேர்ந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் ஜான்சன் கட்சிக்கு 80 இடப் பெரும்பான்மை கிடைத்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது.

டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தும் 1982இல் வாக்கெடுத்தது. பேசி முடித்து 1985இல் அன்றைய ஐரோப்பிய சமூகத்தை விட்டு விலகியது. சிறிய நாடு, தன் மீன்வளம் தன் கையில் இருக்கவேண்டும் என்ற தெளிவான வேட்கை. வேண்டுவது இன்னதென்று தெரிந்தவனுக்கு வழி கிடைத்தது.

தோழர்களே! நாளை நாமும் மக்களிடம் ஆணை கேட்டுச் செல்வோம். “வேண்டாம்” என்று சொல்ல வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. “வேண்டுவது இது, விலை இவ்வளவு” என்று முன்னரே கூறிடும் துணிவு வேண்டும். அவ்வாறு கேட்டுப் பெற்ற தீர்ப்பையே முழுமையாக நிறைவேற்ற முடியும். மக்களை மதிப்பது வாக்கு எண்ணும் நாளிலே தொடங்குவதன்று. கேள்வி கேட்கும் நாளிலேயே தொடங்குகிறது.