குதிரைவலுவில் போட்டி, பின் இருக்கையில் தீர்ப்பு

போர்ட் மஸ்டாங், செவ்ரொலே கமாரோ, டொட்ஜ் சலஞ்சர் ஆகிய மூன்று மசில் கார்களுக்கும் இடையே நடந்த போட்டியை அமெரிக்கர்களின் வீட்டுச் சண்டை என்றே எல்லோரும் பேசுகிறார்கள். திருவிழாவுக்கு யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடல் வந்து நிற்கும் கனடாப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை வரும். 2008 இல் மீண்டு வந்த சலஞ்சர் 2023 இல் நிற்கும் வரை பிறாம்ரனில்தான் செய்யப்பட்டது. கமாரோ 2009 முதல் 2015 வரை ஒஷாவாவில் செய்யப்பட்டது. இரண்டும் ஒன்ராறியோ ஊர்கள். எங்கள் தீவகத்துச் சனம் வேலைக்குப் போய்வரும் வட்டாரம் அது.

பிறந்த இடம் மட்டுமல்ல, உள்ளுடம்பும் முழுவதுமாக அமெரிக்காவினது அல்ல. மீண்டு வந்த கமாரோவின் அடித்தளத்தை வடிவமைத்தது அவுஸ்திரேலியாவின் ஹோல்டன் நிறுவனம். சலஞ்சரின் அடித்தளத்திலோ, டொட்ஜின் தாய் நிறுவனமான கிறைஸ்லரும் மேர்சிடிஸின் டெயிம்லரும் ஒரே குடும்பமாக இருந்த காலத்து மேர்சிடிஸ் பாகங்கள் கிடந்தன. மேலே போர்த்திய தகடுதான் அமெரிக்கப் பழமை.

அந்தப் பழமை 1964 ஏப்ரலில் மஸ்டாங்குடன் தொடங்கியது. முதல் 12 மாதங்களில் 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1966 இல் கமாரோ எதிராளியாக வந்தது. சலஞ்சர் தாமதித்து, 1970 இன் மாதிரியாக வந்து சேர்ந்தது. 1973 இன் எண்ணெய் நெருக்கடி, புகைக் கட்டுப்பாடுகள், ஏறிய காப்புறுதிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இந்தக் கூத்தை அடக்கின. சலஞ்சர் 1974 இல் நின்றது. கமாரோ ஒருவாறு இழுத்துப் பிடித்து 2002 இல் நின்றது. மஸ்டாங் மட்டும் நிற்கவேயில்லை. 1974 இல் தன்னைச் சிறிதாக்கி, மலிவான ஒரு சின்னக் காராக வந்தது. இரசிகர்கள் இன்றும் அந்த மாதிரியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் முதல் ஆண்டிலேயே சுமார் 3 இலட்சத்து 86 ஆயிரம் விற்று, குடும்பப் பெயரைக் காப்பாற்றியது அந்தச் சின்னக் கார்தான்.

2005 இல் மஸ்டாங் தன் அறுபதுகளின் முகத்தை மறுபடி அணிந்தபோது மற்ற இரண்டும் ஓடிவந்தன. பிறகு நடந்தது வெறும் எண்களின் போட்டி. சலஞ்சர் ஹெல்கற் 707 குதிரைவலு என்றது. கமாரோ 650 உடன் நின்றுகொண்டது. மஸ்டாங் ஷெல்பி 760 என்றது. டொட்ஜ் விடவில்லை. அதற்கு முன்பே 840 இல் டீமன் என்ற சலஞ்சரை இறக்கியிருந்தது; 2023 இல் அதை 1,025 குதிரைவலுவுக்குக் கொண்டுபோனது. அதுவும் எதனோல் கலந்த எரிபொருள் ஊற்றினால்தான் அந்த வலு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் தகப்பன்மார் ஓட்டிய ஒஸ்ரின் ஏ 40 காரின் வலு, பெயரிலேயே இருக்கிறது: ஏறத்தாழ 40. அந்த டீமன் ஒன்றுக்கு இருபத்தைந்து ஒஸ்ரின் வேண்டும். 2022 இல் இலங்கையில் கியூஆர் அட்டை காட்டிப் பெற்றோல் வாங்கிய நாட்களில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்கள். பின்னர் வந்த 797 குதிரைவலு ஹெல்கற்றை முழுதாய் மிதித்தால் நிமிடத்துக்கு 5 லீற்றருக்கு மேல் குடிக்கும். எங்கள் ஒரு வாரம் அதற்கு நான்கு நிமிடம்கூட இல்லை.

எரிபொருள் என்றால் இங்கே ஒரு கதை இருக்கிறது. 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது வடக்கில் பெற்றோல் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் தீவகத்துச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. குடாநாட்டில் மிஞ்சிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ண வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அவசரப்பட்டால் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும். மறுபடி பெற்றோல் சொட்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும் என்பதால் ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். இவ்வளவும் சாத்தியமானது, ஒஸ்ரினின் அமுக்க விகிதம் 7 க்கு 1 அளவில் குறைவாக இருந்ததால். பிரித்தானியாவில் பெர்கசன் உழவு இயந்திரங்களும் இதே முறையில் பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளில் ஓடியவைதான். எங்கள் மெக்கானிக்மார் அதைப் படித்துச் செய்யவில்லை, தேவைக்குக் கண்டுபிடித்தார்கள்.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும் யாழ்ப்பாணத்தில் ரக்சியாக இவ்வளவு காலம் நின்றதற்குப் பழமைப் பாசத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலியாண வீட்டுக்குப் போகும் ஒரு குடும்பம் முழுவதும் ஏறலாம், தகட்டை அடித்து நிமிர்த்தலாம், எஞ்சின் செத்தால் ஜப்பான் டீசல் எஞ்சினைத் தூக்கி வைக்கலாம். மாற்ற இடம் கொடுத்ததால் நின்றன.

அமெரிக்கப் போட்டியின் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. 2010 முதல் 2014 வரை அமெரிக்க விற்பனையில் கமாரோ முன்னால் நின்றது. 2015 இல் மஸ்டாங் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்து வந்த புதிய கமாரோ பாரம் குறைந்தது, வளைவுகளில் நன்றாகத் திரும்பியது, வாகனச் சஞ்சிகைகள் அதை மெச்சின. வாங்குகிறவன் உள்ளே ஏறி உட்கார்ந்தால் கண்ணாடிகள் ஒடுங்கிக் கிடந்தன, வெளியே சரியாகத் தெரியாது. பின் இருக்கை பெயருக்கு மட்டும். சலஞ்சர் பழைய அடித்தளத்தில் ஓடிய, மூன்றிலும் பாரமான கார். ஆனால் பின்னால் வளர்ந்தவர்கள் இருக்கலாம். 2021, 2022 இரண்டு ஆண்டிலும் அமெரிக்காவில் மஸ்டாங்கையும் தாண்டி விற்றது அதுதான். வலு எண்ணைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள், கதவைத் திறந்து பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் சலஞ்சரல்லவா வென்றது? இரண்டு வருடம் வென்றது, உண்மை. 2023 டிசம்பரில் கமாரோவும் சலஞ்சரும் ஒரே மாதத்தில் நின்றன. சலஞ்சர் பதினைந்து வருடம் 1970 ஐயே விற்றது. புகைக் கட்டுப்பாடு இறுகியபோது அதற்குப் போக வேறு இடமில்லை. பதிலுக்கு டொட்ஜ் இறக்கிய மின்சாரச் சார்ஜர், ஒலிபெருக்கி வழியாக எஞ்சின் உறுமலை உண்டாக்கியது. கோயிலில் மின்சார மேளம் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தத்தின் தரம் விளங்கும்.

மஸ்டாங் இதற்கிடையில் செய்த வேலை விளம்பரங்களில் பெரிதாக வரவில்லை. 2015 இன் மாதிரியில் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக, தொழிற்சாலையிலேயே சுக்கானை வலப்பக்கம் வைத்தது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, இந்தியா எல்லாம் அதற்குச் சந்தையாயின. மற்ற இரண்டும் இடப்பக்கச் சுக்கானை விடவேயில்லை. இலங்கையில் 2020 இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். வரி கட்ட வல்லவர் எவராவது இந்த மூன்றில் ஒன்றை எங்கள் வீதிக்குக் கொண்டுவர நினைத்தால், தோதானது மஸ்டாங் மட்டுமே. பண்ணைத் தாம்போதி தாண்டித் தீவகத்துக்கு அதை ஓட்டிவருவது புத்தியா என்பது வேறு விசயம்.

பிறாம்ரனின் கடைசிச் சலஞ்சர் 2023 டிசம்பர் 22 அன்று வெளியே வந்தது. அதன்பின் அங்கே ஜீப் கொம்பஸ் செய்வதாக, டொட்ஜை இப்போது வைத்திருக்கும் ஸ்ரெலான்ரிஸ் நிறுவனம் சொல்லியிருந்தது. 2025 பெப்ரவரியில் அந்த வேலையை இடைநிறுத்தினார்கள். ஒக்ரோபரில் அந்தக் காரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். பிறாம்ரன் ஆலையை நம்பியிருந்தவர்கள் சுமார் 3,000 தொழிலாளர்கள். மஸ்டாங் இன்றும் மிச்சிகனின் பிளற் றொக் ஆலையில் செய்யப்படுகிறது.