சாட்சிகள் குல்லூர்சந்தையில் இருக்கிறார்கள்

2009 மே 13 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. விருதுநகர் தொகுதியில் வைகோவும் காங்கிரஸின் மாணிக்கம் தாகூரும் மோதினார்கள். திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசிய ஒரு பேச்சுக்காகப் பொடா சட்டத்தில் 19 மாதம் சிறையில் இருந்த வைகோ, திருமங்கலமும் அடங்கிய அந்தத் தொகுதியிலேயே பதினைந்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்தான் இலங்கையில் முள்ளிவாய்க்கால் தற்காலிக மருத்துவமனைமேல் எறிகணை விழுந்து, சிகிச்சைக்கு வந்தவர்கள் கொத்தாகச் செத்தார்கள். மே 16-இல் இங்கே வாக்கு எண்ணினார்கள். அடுத்த இரண்டு, மூன்று நாளில் அங்கே போர் முடிந்தது.

இதை வைத்து விருதுநகர்க்காரர்களுக்கு உணர்ச்சி இல்லை என்று பேசுவது சுலபம். ஓட்டுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்; அதை விட்டுவிடுவோம். உணர்ச்சிக்கு இங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. 2009 ஜனவரியில் ஈழப் போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் தீக்குளித்தார். 2013 மார்ச்சில் கல்லூரி கல்லூரியாக மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சட்டமன்றம் 2011-லும் 2013-லும் இலங்கைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் எந்த நீதிபதியும் தீர்மானத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார். குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற வேண்டுமென்றால் தேதி வேண்டும், இடம் வேண்டும், பார்த்த கண் வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்பதில் மர்மம் ஏதுமில்லை. கடைசிப் போரில் 58-ஆவது படையணிக்குத் தலைமை தாங்கிய சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாக இருந்தபோதே, 2020 பிப்ரவரியில் அமெரிக்கா அவருக்கு நுழைவுத் தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரிட்டன் அவரையும், முன்னாள் தளபதிகள் வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகியோரையும், புலிகளிடமிருந்து பிரிந்த கருணாவையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. சரி, தடை என்றால் என்ன? விசா கிடைக்காது, அந்த நாட்டில் சொத்து இருந்தால் முடங்கும். அவ்வளவுதான். கொழும்பில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இலங்கை நீதிமன்றங்களின் லட்சணத்துக்கு மூன்று வழக்குகள் போதும். 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவத்தானுக்கு 2015-இல் மரண தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், உலகமே கரோனாவில் முடங்கிக்கிடந்த நேரம் பார்த்து, அதிபர் கோத்தபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து அனுப்பிவைத்தார். 1996 குமாரபுரம் படுகொலை வழக்கில் ஆறு இராணுவத்தினரை அனுராதபுரம் நீதிமன்றம் 2016-இல் விடுவித்தது. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், 2019-இல் 13 பேரும் விடுதலை. போதிய சாட்சியம் இல்லையாம். முக்கியமான சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள்.

அந்த மாதிரி நாட்டை விட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். விருதுநகருக்குப் பக்கத்தில் குல்லூர்சந்தை, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் மொட்டமலை, சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டைப் பக்கம் கண்டியாபுரம் என்று மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் பல உண்டு. பெயிண்டிங், கட்டட வேலை, பட்டாசு வேலை என்று கிடைத்ததைச் செய்து பிழைக்கிறார்கள். மாதம் தவறாமல் வருவாய்த் துறை ஆய்வாளர் வந்து ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துப் பணக்கொடை கொடுக்கிறார். க்யூ பிரிவுப் போலீஸுக்கும் ஒவ்வொருவர் கதையும் தெரியும். எதில் வந்தார், எப்போது கரையேறினார் என்று கோப்பு இருக்கிறது. எதிலிருந்து தப்பி வந்தார் என்பதற்கு மட்டும் கோப்பு இல்லை.

இவர்களில் பெரும்பாலோர் முள்ளிவாய்க்காலைப் பார்த்தவர்கள் அல்ல என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். மன்னார், வவுனியா, திருகோணமலைப் பகுதிகளிலிருந்து 1983-க்குப் பிறகும், 1990-இலும், 2006-க்குப் பிறகும் அலை அலையாக வந்தவர்களே அதிகம். அதனால்தான் இவர்கள் முக்கியமானவர்கள் என்கிறேன். போர்க்குற்றத்தை நிரூபிக்க ஒரு நாளின் சாட்சியம் போதும். இனப்படுகொலை அப்படி அல்ல. 1948 ஐ.நா. உடன்படிக்கைப்படி, ஓர் இனக்குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். அந்த நோக்கத்தை எந்தத் தளபதியும் எழுதி வைக்க மாட்டான். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடந்த காரியங்களிலிருந்துதான் அதை நிறுவ முடியும். 1984 டிசம்பரில் மன்னாரில் நடந்த வேட்டையும், 1985 மே 15-இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினி படகில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதும் 2009-க்கு முன்கதை. ஐ.நா.வின் 2015 விசாரணை அறிக்கை 2002-க்குப் பிந்தைய காலத்தையே எடுத்துக்கொண்டது. முன்கதையைச் சொல்ல வேண்டியவர்கள் முகாமில் இருக்கிறார்கள்.

பழைய குற்றம் காலாவதி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் செம்மணியைப் பார்க்க வேண்டும். பள்ளி மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தான் ஒருவர் 1998-இல் நீதிமன்றத்தில், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். 1999-இல் தோண்டி 15 எலும்புக்கூடுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். 2025-இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது இருநூறுக்கும் மேல் வந்தன. குழந்தை ஒன்றின் எலும்புக்கூட்டோடு புத்தகப்பையும் பொம்மையும் கிடந்தன.

சாட்சியம் வாங்குவது சொல்வது போல் எளிதல்ல. முகாமில் ஒரு பெரியவரிடம் எப்போது நடந்தது என்று கேட்டால் "மாரி காலம்" என்பார். மாரி என்றால் அக்டோபரா, டிசம்பரா? ஆமி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ட்ரக்கிலா, நடந்தா, உடுப்பு என்ன நிறம், எந்த முகாம் பக்கத்தில் இருந்தது, செத்தவர்களை யார் அடக்கம் செய்தார்கள் என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று கேட்டுத் தேதியைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற வழக்கறிஞர்கள் வேண்டும். மைக்கோடு வரும் யூடியூபர்கள் உதவ மாட்டார்கள். ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் இது நடந்திருக்கிறது. ஐ.நா. உண்மை அறியும் குழுவை மியான்மர் உள்ளே விடவில்லை. குழு, தப்பி வந்தவர்களைத் தேடிப்போய், 875 பேரிடம் பேசி 2018-இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் காம்பியா என்ற சின்ன நாடு 2019-இல் மியான்மரைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது.

பயம் இன்னொரு தடை. உறவுகள் அங்கே இருக்கிறார்கள். இங்கே குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குச் சட்டவிரோதமாகத் தங்கிய குற்றத்திலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில்தான் மத்திய உள்துறை உத்தரவு போட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, மே கடைசியில், தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில், முன்பு சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனார் என்று சொல்லிக் கைது செய்தார்கள். இப்படி இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்?

மேலிருந்தவரைப் பொறுப்பாக்குவதில் உள்ள சிக்கலைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் செத்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதும் ஊர் கேட்டது ஒரே கேள்வி: உரிமம் யார் பேரில், குத்தகை யார் எடுத்தது, உள்குத்தகை யாருக்குப் போனது? விபத்தும் இனப்படுகொலையும் ஒன்றல்ல. ஆனால் பழி ஃபோர்மேனோடு நின்றுவிடும் என்ற பயம் இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். கீழே நடப்பது தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தும், தடுக்காத தளபதியும் குற்றவாளியே என்பது சர்வதேசச் சட்டத்தின் நிலைப்பாடு. மிருசுவில் வழக்கில்கூட ஒரு கீழ்நிலை இராணுவத்தானோடு சங்கதி முடிந்துபோனதை நினைத்துப் பாருங்கள்.

டெல்லி என்ன செய்தது? ஜெனீவாவில் இலங்கை பற்றிய 2012, 2013 தீர்மானங்களை ஆதரித்தது, 2014-இல் ஒதுங்கிக்கொண்டது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திலேயே சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பிரிவை உருவாக்கிய 2021 தீர்மானத்திலும் வாக்களிக்கவில்லை. நம் சட்டமும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. இனப்படுகொலை உடன்படிக்கையை இந்தியா 1959-இல் ஏற்றது. அதற்கு உள்நாட்டுச் சட்டம் இன்றுவரை இல்லை. 2018 டிசம்பரில் சீக்கியர் படுகொலை வழக்கில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லாததை உடனே சரிசெய்ய வேண்டும் என்று எழுதியது. அதற்குப் பிறகு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை இல்லை. 1960-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டில், எந்த நாட்டவர் செய்த கடும் மீறலையும் அது தண்டிக்கும். உள்நாட்டுப் போருக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. தவிர, அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கையே எடுக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாட்சியம் என்று ஆரம்பித்தால் அது நமக்குப் பிடித்த இடத்தில் நிற்காது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டது இந்திய அமைதிப்படை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டது புலிகள் கணக்கில் வரும். 2011 ஐ.நா. நிபுணர் குழு இரு தரப்பின் மீதும் குற்றம் சுமத்தியது. இதையெல்லாம் மறைத்துவிட்டுத் தயாரிக்கும் ஆவணத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

தமிழ்நாடு அரசு இதை இப்போதே தொடங்கலாம். டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில், போலீஸ் வாடையே இல்லாத சிறு குழு ஒன்றை அமைத்து, முகாம்களில் சொல்ல விரும்புகிறவர்களிடம் மட்டும், பெயரை இரகசியமாக வைத்து, வாக்குமூலம் பதிவு செய்யலாம். 2021-இல் முகாம்களுக்கு 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து 7,469 வீடுகள் கட்ட முன்வந்த அரசுக்கு இதற்கான செலவு பெரிதல்ல. விருதுநகர் எம்.பி. இனப்படுகொலைக் குற்றத்துக்குச் சட்டம் கேட்டு ஒரு தனிநபர் மசோதாவையாவது மக்களவையில் கொண்டுவரலாம். தள்ளிப்போட நேரம் இல்லை. 1984-இல் முப்பது வயதில் மன்னாரிலிருந்து படகேறியவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.